பேசிக்கொண்டே ஏறிய மலை

“பேசும்மா. ஏன் பேச்சைக் காணோம்?”

“பேசிக்கிட்டுத்தான இருக்கேன். ஷூவுக்குள்ள கல்லு போயிருச்சு.”

“நின்னுட்டியா?”

“நிக்கலை. நடந்துக்கிட்டே அந்தக் கல்லை வைஞ்சுக்கிட்டிருக்கேன்.”

காதில் மாட்டியிருந்த இயர்போனில் என் மகள் தாரணி சிரிப்பது கேட்டது. கூடவே ஒரு சிப்ஸ் பாக்கெட் நொறுங்கும் சத்தமும் கேட்டது. அவள் கீழே போடிமெட்டுச் சாலையோரம் ஜீப்பில் தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். முதல்நாள் மழையில் நனைந்த ஏலத் தோகைகள் இரண்டு பக்கமும் புடவையை ஈரமாக்கின.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பாதையின் உச்சியில் இருக்கும் ஸ்டோர் வாசல் வரைக்கும் நான் நிற்காமல் ஏறவேண்டும். பச்சைக் காயை நெருப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். ஏறி முடிக்கும்வரை போனில் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நடுவில் அறுந்தால் நான் தோற்றேன்.

ஜெயித்தால் தாரணி குஜராத்துக்கு வேலைக்குப் போவாள். தோற்றால் அந்த வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு என்னைக் காவல் காத்துக்கொண்டு போடியிலேயே இருந்துவிடுவாள்.

மகள் மதுரை ஹாஸ்டலுக்குப் போனபோது மூன்று நாள் சாப்பிடாமல் அழுதவள் நான். அவளை ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பிவைக்க நானே ஒரு மலையை ஏறுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கல்லில் உட்கார்ந்த நாள்

இதே பாதையில், அதற்கு ஒரு வருஷம் முந்தி, காய் எடுப்பு மும்முரமாக இருந்த மாதத்தில் நடந்தது அது.

தாரணி பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஸ்டோரில் காய் எப்படிக் காய்கிறது என்று பார்த்துவரலாமென மூன்று பேரும் ஏறினோம். பாதி வழியில் எனக்கு மூச்சு திணறியது. அது புதிதல்ல. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால்கூட நெஞ்சு அடைக்கும். உடனே செடியைப் பார்ப்பதுபோல் நின்று, சிரித்துச் சமாளித்துவிடுவேன். அந்தச் சிரிப்பைக் கொண்டு இரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். “அம்மா, என்ன?” என்று தாரணி கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைக்கு வேண்டிய காற்று உள்ளே இல்லை.

என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை என் தோளில் சாயும். தாரணி அதைத் தள்ளித் தள்ளி விடுவாள். அந்தக் கையை இன்றைக்கும் என் தோளில் உணர்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு இல்லை என்றார்கள். நெஞ்சுப் படத்தில் நுரையீரலும் சுத்தமாக இருந்தது. ஸ்டோர்ப் புகைதான் காரணம் என்று வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சத்தியமே செய்துகொண்டு வந்திருந்தார். ஓடும் பெல்ட்டில் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டிய கொஞ்ச நேரத்திலேயே கையைத் தூக்கிவிட்டேன்.

“உங்க வயசென்ன?” என்றார் டாக்டர். தாரணியைவிடப் பத்து வயது மூத்திருப்பார், அவ்வளவுதான்.

“ஐம்பது.”

“உங்க உடம்பு எழுபதுன்னு சொல்லுது.”

சாயாவும் கடியும்

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் நான் ஷெட் ஆரம்பித்த கதையைப் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஷெட் ஒன்று வைத்திருக்கிறேன். எட்டுப் பெண்கள் காலையில் வந்து தரையில் சம்மணம் போட்டால், மாலைவரை தட்டில் காயைப் பரப்பி நிறம் வேறு, அளவு வேறு என்று பிரிப்பார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். வேதியியல் பட்டம் வாங்கியவள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாளே என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. முதலாளி எழுந்து நடந்தால் மற்றவர்கள் கை மெதுவாகிவிடும் என்பது என் அனுபவம்.

எங்கள் ஊர் ஷெட்டுகளில் ஒரு வழக்கம். தேநீரோடு தரும் பலகாரத்தைக் ‘கடி’ என்போம். மலைக்குப் போய்வந்த சனம் மலையாளத்திலிருந்து கொண்டுவந்த சொல். எந்த ஷெட்டில் கடி நன்றாக இருக்கிறதோ அங்கேதான் கைதேர்ந்த பெண்கள் நிற்பார்கள். கூலி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளை இழுப்பது கடிதான்.

அதனால் ஷெட்டுக்கு ஷெட் போட்டி. பக்கத்து ஷெட்டில் தேங்காய் பன் என்றால் என் ஷெட்டில் கிரீம் பன். அங்கே வடை என்றால் இங்கே முட்டை பப்ஸ். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, நடுநடுவே மிக்சர். நான்கு வேளை சர்க்கரை தூக்கலாகத் தேநீர். முதலாளி தானும் அதை எடுத்துத் தின்னவேண்டும். தின்னாவிட்டால், மட்டமான சரக்கை வாங்கிப் போடுகிறாள் என்று பேச்சு வந்துவிடும்.

பதினைந்து வருஷம் தின்றேன். ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்னும் சேரும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி இது. நான் மென்று விழுங்கினேன். தாரணி சொல்லிவிட்டாள்.

“காலையில மூணு பூரி. ஷெட்டுல பப்ஸ், மிக்சர், பஜ்ஜி. மத்தியானம் வெள்ளைச் சோறு மட்டும் நெறைய, காய் பேருக்கு. ராத்திரி பரோட்டா, சால்னா.”

“கீரை, பயறு, பழம்?”

“பழம் சாமி படத்துக்கு முன்னால இருந்துச்சு” என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகும். அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. நாலு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு அந்த அழற்சி வெளியே தெரியாமல், மெலிதாக, உடம்பு முழுக்க வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். எண்ணெயில் பொரித்தது, மைதா, சர்க்கரை, பாக்கெட்டில் வருவது என்றே நாள் முழுக்கப் போனால் அது அடங்க வழியில்லை. ரத்தக்குழாய்களின் இளக்கம் குறையும். மூச்சில் இழுக்கும் காற்றை இதயம் எடுத்துக் கொடுப்பதும், தசைகள் வாங்கிப் பயன்படுத்துவதும் மந்தமாகும்.

“சாப்பாடு மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார். “நாளெல்லாம் உக்காந்திருக்கீங்க, அதுவும் சேரும். ஆனா இந்த மாதிரிச் சாப்பாடும் இந்த மாதிரி மூச்சும் சேர்ந்து வர்றதை நிறையப் பேர்கிட்டப் பார்க்கிறோம்.”

“நான் ஒல்லியாத்தானே டாக்டர் இருக்கேன்?”

“நீங்க ஏலக்காய் வியாபாரம்னு சொன்னீங்க. தோல் பச்சையா இருந்தா வாங்கிருவீங்களா?”

எந்தக் குவியலில் கைவைத்தாலும் நாலு காயைக் கிள்ளி, உள்ளே விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் நான் விலை பேசியதே கிடையாது. என் உடம்பை மட்டும் தோலைப் பார்த்தே பதினைந்து வருஷமாக முதல் தரத்தில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தாரணிக்கு வேலை உத்தரவு வந்தது. குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் பொறியாளர் வேலை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்த வேலை. நான் படித்து முடிப்பதற்குள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

“நான் போகலை.”

“ஏன்டி?”

“அங்கேருந்து நான் வந்து சேர ரெண்டு நாளாகும். நீ மறுபடி கல்லுல உக்காந்தா யாரு தூக்குறது?”

கெஞ்சியும் திட்டியும் பார்த்தேன். கடைசியில், சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். கேட்டபடி ஒரு வருஷம் தள்ளியும் கொடுத்தார்கள். பிறகு அந்த ஒப்பந்தத்தைப் போட்டாள்.

“நான் கூட வரமாட்டேன். வந்தா நீ மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டு ஏமாத்துவ. போன்ல உன் மூச்சை மட்டும் கேக்கணும்.”

நடந்ததற்குக் கூலி

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகி, மகளின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே மலையைப் பார்த்துப் போகும் சாலையில். தெரிந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி, “என்னக்கா, வெரசாப் போறீக, வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?” என்று விசாரித்தார்கள்.

இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஆனால் வீட்டு மாடிப்படி ஏறினால் அதே இரைப்பு. முன்னைக்கு ஒரு மாற்று குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

காரணம் கண்டுபிடித்தது தாரணி. ஒருநாள் பின்னாலேயே வந்திருக்கிறாள். நடை முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இரண்டு உளுந்த வடை, ஒரு டீ. நடந்ததற்குக் கூலி என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. பிறகு ஷெட்டில் வழக்கமான கடி. நடந்த தைரியத்தில் ஒரு பஜ்ஜி கூடுதல்.

கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. என் கையிலிருந்த வடையைப் பார்த்தபடி, “இந்த வடைக்காகத்தான் நான் குஜராத் போகாம இருக்கேனாம்மா?” என்றாள்.

வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பேச்சியக்காவின் போராட்டம்

வீட்டுச் சமையலை மாற்றுவது சுலபமாக இருந்தது. சோறு பாதியானது. மொச்சையும் தட்டாம்பயறும் முருங்கைக்கீரையும் தட்டை நிறைத்தன. வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு. பரோட்டா மாதத்துக்கு ஒருமுறை. என் வீட்டுக்காரர், “மாடு மேயிற மாதிரி இருக்கு” என்று முனகிக்கொண்டே இரண்டாம் தடவை கீரை வாங்கினார். தாரணி மட்டும் எங்களைக் கண்காணிக்கும் சோலியில், தன் பங்குக்கு சிப்ஸும் பப்ஸுமாகத்தான் இருந்தாள். இளரத்தம், அவளுக்கென்ன என்று விட்டுவிட்டோம்.

கஷ்டம் ஷெட்டில்தான். எட்டுப் பேர் பப்ஸ் தின்னும்போது எதிரில் உட்கார்ந்து வாசனை பிடிக்க என்னால் முடியாது. ஒரு திங்கட்கிழமை துணிந்து கடியை மாற்றினேன். பதினொரு மணிக்குக் கொய்யாப்பழம். நாலு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். தேநீரில் சர்க்கரை கால்வாசி.

ஷெட்டின் மூத்த கை பேச்சியக்கா. கண்ணை மூடிக்கொண்டு தரம் பிரிப்பாள். அவள் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“ஏத்தா, யாரு செத்துப் போனா?”

“ஏன்க்கா?”

“துட்டி வீட்டுல கூட இதைவிட நல்ல டீ போடுவாகளே, அதான் கேட்டேன்.”

ஷெட்டே சிரித்தது. மறுநாள் பக்கத்து ஷெட்டில் ஜிலேபி போட்டார்கள். வேண்டுமென்றே போட்டதுதான். புதன்கிழமை இரண்டு பேர் அங்கே போய்விட, என் ஷெட்டில் இரண்டு தட்டு ஆளில்லாமல் கிடந்தது. வியாழக்கிழமை பேச்சியக்கா எழுந்து முந்தானையை உதறினாள்.

“நாங்க என்ன பாவம் செஞ்சோம்? மேலுக்கு முடியாதது உனக்கு, பத்தியம் எங்களுக்கா?”

அப்போதுதான் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். வார்த்தைக்குக் காற்று இல்லாமல் போனதை, தாரணி மூட்டையைத் தள்ளித் தள்ளி விட்டதை, மடித்துவைத்த உத்தரவை. கெட்டுப்போன குடும்பக் கதையைப் போல அதுவரை யாருக்கும் சொல்லாமல் மறைத்திருந்தேன்.

பேச்சியக்கா நின்றபடி கேட்டாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். “எனக்கும் படி ஏறுனா அப்பிடித்தான் வருது” என்றாள். “வயசாச்சுன்னு இருந்தேன்.” பக்கத்தில் இருந்தவள், “எனக்கும்” என்றாள். முப்பத்தைந்து வயசுக்காரி அவள்.

“சரி, சுண்டல் கொண்டா” என்றாள் பேச்சியக்கா. “ஆனா இந்த உப்புச்சப்பில்லாத சுண்டலைத் திங்க மாட்டேன். நாளைக்கு நான் ஆக்கிக் கொண்டு வர்றேன், அதைத் தின்னு பாரு.”

மறுநாள் மாங்காயும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு ஒரு மொச்சைச் சுண்டல் கொண்டுவந்தாள். தட்டில் ஒரு மணி மிஞ்சவில்லை. போனவர்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் திரும்பிவிட்டார்கள். நாலு மணிக்கு எல்லோரும் எழுந்து ஷெட்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடப்பது என்று ஒரு சட்டத்தையும் பேச்சியக்காதான் கொண்டுவந்தாள். நடந்துகொண்டே சண்டை போட நேரம் வேண்டுமாம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். யாரோ கூப்பிட, மறுபடி ஏறி இறங்கினேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது. நெஞ்சு அடைக்கவே இல்லை. துணிமூட்டையோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுபரிசோதனையில், பெல்ட்டில் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் நடந்தேன். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் எண்ணும் இறங்கியிருந்தது. நடையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். அவருக்கு ஒரு டப்பா சுண்டல் கொடுத்துவிட்டு வந்தேன்.

டவர் போன இடம்

மீண்டும் பாதைக்கு வருகிறேன்.

ஷூவுக்குள் கல்லோடு நான் ஏறிக்கொண்டிருந்தேன். பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துபோய், தாரணி பிறந்த கதையைச் சொன்னேன். அவள் அப்பாவைக் குறை சொன்னேன். “போன் ஸ்பீக்கர்ல இருக்கு, தெரிஞ்சு பேசு” என்றார் அவர். பேச்சியக்காவின் சுண்டலுக்குப் பக்குவம் சொன்னேன். மூச்சு வேகமாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேண்டிய காற்று உள்ளே இருந்தது.

அந்தக் கல் வந்தது. போன வருஷம் உட்கார்ந்த கல். அதன்மேல் பாசி படர்ந்திருந்தது.

“தாரணி, அந்தக் கல்லுக்கிட்ட வந்துட்டேன்.”

சிப்ஸ் பாக்கெட்டின் சத்தம் நின்றுவிட்டது.

“தாண்டிட்டேன்” என்றேன்.

அதற்கு மேல் இரண்டாவது திருப்பத்தில் காதில் ‘டொய்ங்’ என்றது. அந்த இடத்தில் போன் தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரளா டவரைத் தேடும். சிலசமயம் இரண்டும் கிடைக்காது. அத்தனை வருஷம் ஏறி இறங்கியும் இது மூன்று பேருக்கும் நினைவில்லாமல் போயிருந்தது.

“தாரணி? ஏய்!”

பதில் இல்லை. நின்று, கீழே இறங்கி, டவர் கிடைக்கும் இடத்தில் கூப்பிடலாம். நின்றால் ஒப்பந்தம் போச்சு. நிற்காமல் ஏறினால், கீழே அவள் என்ன நினைப்பாள்? பேச்சு அறுந்தால் என்ன அர்த்தம் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

நிற்கவில்லை. யாருக்கும் கேட்காவிட்டாலும் உரக்கப் பேசிக்கொண்டே ஏறினேன். முதல் தரம், இரண்டாம் தரம் என்று தரம் பிரிக்கும் வரிசையைச் சொன்னேன். ஏலச்செடிகளிடம் சொன்னேன். கடைசி ஏற்றத்தை ஏறக்குறைய ஓடினேன். ஸ்டோரின் வெளிக்கதவைத் தொட்டுவிட்டுத்தான் நின்றேன்.

காய் எடுக்கும் பெண்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஸ்டோர் வாசலில் மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கீழே கேட்கவேண்டுமே என்று, பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அடித்தேன். கை வலிக்க வலிக்க அடித்தேன். மலைச்சரிவு முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஜீப் ஹாரன் நீளமாகப் பதில் சொன்னது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, பாதையில் யாரோ ஓடிவரும் சத்தம்.

தாரணி. லைன் அறுந்த நிமிஷமே ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்திருக்கிறாள். மணிச்சத்தம் கேட்டதும், யாரோ உதவிக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று இன்னும் வேகமாக ஓடியிருக்கிறாள். தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, என்னைப் பார்த்ததும் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்துவிட்டாள். இருபத்து நாலு வயசு. வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். சத்தம் வரவில்லை.

நான் பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவினேன். என் மூச்சு அடங்கியிருந்தது.

“பேசு தாரணி” என்றேன். “ஏன் பேச்சைக் காணோம்?”

அழுகையும் சிரிப்புமாக என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “நா... போ... றேன்மா” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மூச்சு பிடித்தது.

“போ. ஆனா இப்ப என் ஒப்பந்தத்தைக் கேளு.”

ஏணியில் ஒரு ஞாயிறு

அவள் போய் எட்டு மாதமாகிறது. அவள் வேலை செய்யும் துறைமுகத்தில் பெரிய பாரந்தூக்கிகள் இருக்கின்றன. அவற்றின் உச்சிக்கு இரும்புப் படிகள். என் ஒப்பந்தப்படி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அவள் பேசிக்கொண்டே அவற்றில் ஒன்றில் ஏறவேண்டும், நான் போனில் கேட்பேன். முந்தினநாள் என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். முதல் வாரங்களில் பாதிப் படியில் திணறினாள். இப்போது உச்சிவரை என்னைக் கேலி செய்துகொண்டே போகிறாள்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் அவள் ஏறும்போது, என் விரல் தானாக என் மணிக்கட்டில் போய் நாடியைத் தேடுகிறது.

போன ஞாயிறு, முக்கால்வாசி ஏறியவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

“நின்னுட்டியா?” என்றேன்.

“ஆமா” என்றாள். குரலில் இரைப்பே இல்லை. “மூச்சு வாங்க இல்லைம்மா. இங்கேருந்து கடல் தெரியுது.”

காற்று வீசும் சத்தம் மட்டும் வந்தது. என் விரலை மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.